முதல் துண்டு வெர்லீனுக்கு

அத்தியாயம் பதினொன்று

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, சர்ச் மாடிப்படிக்குக் கீழே வைத்து ஓபல் தன் அம்மா வெர்லீன் தலையில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாளே, அன்றிலிருந்து அவளுக்குக் கண்ணில் பொட்டுத் தூக்கமில்லை.

"கல்யாணச் சாப்பாட்டுக்கு வெளியில சொல்லியாச்சும்மா. டாடி சமைக்க வேணாம்."

இவ்வளவுதான் சொன்னாள். சனிக்கிழமை ஓபலுக்குக் கல்யாணம். மணப்பெண்ணைப் பெற்றவர் ஹாலிஸ் ப்ரூயிட். அந்த ஊரில் முப்பது வருஷமாக எந்தக் கல்யாணம் என்றாலும், எந்தச் சாவு என்றாலும், புகையில் வெந்த கறி அவர் வீட்டுக் கொல்லையிலிருந்துதான் போயிருக்கிறது. சொந்த மகள் கல்யாணத்தில் வேறொருவன் கறியைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டுமென்றால் மனுஷன் தாங்குவாரா?

வெர்லீன் மகளிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு தவணை வாங்கியிருந்தாள். கறி கசப்பதற்குக் காரணம் அவரில்லை, அந்தப் புகையடுப்பில் வருஷக்கணக்காகப் படிந்து கிடக்கும் பிசுக்கு. புதன்கிழமை அதைச் சுரண்டிச் சுத்தம் பண்ண வைக்கிறேன், ஒரு கோழி போடச் சொல்கிறேன், நாலு மணிக்கு வந்து வாயில் வைத்துப் பார். நன்றாக இருந்தால் வெளியில் சொன்னதை வேண்டாமென்று சொல்லிவிடு.

"நாலு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாதும்மா. அவங்களுக்கு நான் உறுதி சொல்லியாகணும்" என்றாள் ஓபல். அவள் பிறந்ததே கையில் கடிகாரத்தோடுதான்.

இதில் ஹாலிஸுக்கு என்ன தெரியும் என்று கேட்டால், ஒரு மண்ணும் தெரியாது.

புதன்கிழமையும் வந்தது.

"அதைக் கழுவறதா?" ஹாலிஸ் காபிக் கோப்பையைக் கீழே வைக்காமலே சிரித்தார். "அப்படியே என்னையும் சேர்த்துக் கழுவிடேன்."

"உன்னைச் சனிக்கிழமை கழுவிக்கலாம். இன்னிக்கு அடுப்பு."

"முப்பது வருஷத்து ருசி அந்தக் கறுப்புலதான் இருக்கு, வெர்லீன். அதைச் சுரண்டினா அடுப்பு அம்மணமாயிடும்."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து போட்டோ எடுப்பாங்க. மூடியைத் திறந்தா உள்ள கரடி குடும்பம் நடத்தின மாதிரி இருக்கு. உன் பொண்ணு அந்தப் போட்டோவை ஆயுசு முழுக்க வச்சுப் பாக்க வேணாமா?"

உன் பொண்ணு என்று சொன்னால் போதும், ஹாலிஸ் இறங்கி வந்துவிடுவார். எழுந்து போய்ப் பழைய சட்டையை மாட்டிக்கொண்டார்.

கொல்லையில் பீக்கன் மரத்தடியில் நின்றது அந்த அடுப்பு. பெரிய கேஸ் டாங்க் ஒன்றைப் படுக்கப் போட்டு, நீளவாக்கில் அறுத்து மூடி வைத்து, ஒரு முனையில் விறகு எரிக்க ஒரு பெட்டியும் மறுமுனையில் புகைபோக்கியும் வெல்டு வைத்து ஹாலிஸே செய்தது. கல்யாணமான இரண்டாவது வருஷம் செய்தார். அன்று முதல் வெந்த கறியிலிருந்து முதல் துண்டை முள்கரண்டியில் குத்தி எடுத்துக்கொண்டு நேரே வெர்லீனிடம் வருவார். பாஸ்டரே வரிசையில் நின்றாலும் சரி, முதல் துண்டு வெர்லீனுக்கு. வாலிபத்தில் அது கொஞ்சல்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, அவர் மூக்கையும் நாக்கையும் கூடவே கொண்டு போய்விட்டது. திரிந்துபோன பாலை அவர் ஒரு கிளாஸ் நிறைய ஊற்றி மடக் மடக்கென்று குடித்ததைப் பார்த்துத்தான் வெர்லீன் கண்டுபிடித்தாள். அவர் அதைப் பற்றி யாரிடமும் வாயே திறக்கவில்லை. அவளிடம் மட்டும் ஒரு நாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே, "இனிமே முதல் துண்டை நல்லாப் பாத்துச் சொல்லு, வெர்லீன். நீ சொல்றதுதான்" என்றார்.

அன்றிலிருந்து அது கொஞ்சல் இல்லை, அவளுடைய வேலை.

அந்த வேலையை அவள் எப்படிச் செய்தாள் தெரியுமா? முதல் தடவை லேசாகக் கசந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டாள். அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கசந்தது, போன தடவை ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று பயந்து மறுபடியும் நல்லா இருக்கு என்றாள். முன்பெல்லாம் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே எந்த விறகு ஈரம், எந்தப் புகை கெட்ட புகை என்று மூக்கால் சொல்லிவிடுகிற மனுஷன். இப்போது கொல்லை முழுக்கக் கெட்ட புகை சூழ்ந்து நிற்க, நடுவில் சந்தோஷமாகப் பாடிக்கொண்டு நின்றார். அவருடைய அக்கா எஸ்டெல் அடக்கத்தன்று சர்ச் குப்பைத் தொட்டியில், பேப்பர் நாப்கினுக்கு அடியில், ஒரு வாய் மட்டும் கடித்த விலாக்கறி குவிந்து கிடந்ததை வெர்லீன் தன் கண்ணால் பார்த்தாள். பார்த்துவிட்டு, மேலே இன்னும் நாலு நாப்கினைப் போட்டு மூடினாள்.

மகன் லாமர் எட்டு மணிக்கு வந்து சேர்ந்தான். வேலைக்கு லீவு போட்டிருந்தான்.

முதலில் கைப்பிடி விறகு போட்டு அடுப்பைக் கொஞ்சம் சூடாக்கினார்கள். சூடு ஏறினால்தான் பிசுக்கு இளகும். கம்பித் தட்டுகளை எடுத்து வெந்நீரும் சோப்பும் கலந்த தொட்டியில் ஊறப் போட்டார்கள். அப்புறம் ஹாலிஸ் மூடிக்கு அடியில் சுரண்டியை வைத்து ஒரு இழு இழுத்தார்.

பட்டை பட்டையாக விழுந்தது. மரப்பட்டை கனம். சில இடத்தில் தார்ச் சொட்டுகள் அப்படியே உறைந்து தொங்கிக்கொண்டிருந்தன, கறி வைக்கிற இடத்துக்கு நேர் மேலே. வெர்லீன் அதை அண்ணாந்து பார்த்தாள். எஸ்டெல் சாவுக்குப் போட்ட கறியில் இதில் எத்தனை சொட்டு விழுந்ததோ.

அடியில் இருந்த வடிகால் ஓட்டை எப்போதோ அடைத்துப் போயிருந்தது. லாமர் கீழே படுத்து ஒரு கம்பியை விட்டுக் குடைந்தான். குடைந்தான், குடைந்தான், ஒன்றும் நகரவில்லை. திடீரென்று பொளக்கென்று திறந்துகொண்டது. கறுப்பும் மஞ்சளுமாக, புளித்து நொதித்த கொழுப்பு வாளியில் இறங்கியது.

ஐயோ, அந்த நாற்றம்! லாமர் வாளியை அப்படியே விட்டுவிட்டு வேலியோரம் ஓடிப்போய்க் காலையில் சாப்பிட்டதை எல்லாம் கக்கினான். வெர்லீன் ஏப்ரனை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று படீரென்று மூடியது.

ஹாலிஸ் மட்டும் தலையைத் தோள் வரைக்கும் டாங்க்குக்குள் நுழைத்துக்கொண்டு, விசில் அடித்தபடி சுரண்டிக்கொண்டிருந்தார்.

"டாடி! உங்களுக்கு நாறவே இல்லையா?" வாயைத் துடைத்துக்கொண்டே கத்தினான் லாமர்.

விசில் நின்றது.

"உங்க டாடிக்கு இதெல்லாம் பழகிப்போச்சு" என்றாள் வெர்லீன், அவர் தலையை வெளியே எடுப்பதற்குள். "நீதான் பூப்போல வளந்துட்டே. போய்த் தண்ணி குடி."

லாமர் முணுமுணுத்துக்கொண்டே போனான். ஹாலிஸ் வெளியே வந்து அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். தப்பித்தோம் என்று அர்த்தம். அப்புறம் தரையில் குவிந்து கிடந்ததைப் பார்த்தார். இரண்டு வாளி நிறைந்து, மூன்றாவது வாளி பாதிக்கு வந்திருந்தது. ஒரு பட்டையை எடுத்து விரலால் நெருக்கினார். பொடிந்தது.

"இவ்வளவா இருந்தது?" என்றார் மெதுவாக. "வெர்லீன், இது கறியில விழுந்திருக்குமா?"

இதோ, கேட்டுவிட்டார். இரண்டு வருஷமாக அவள் எந்தக் கேள்விக்குப் பயந்தாளோ அதை, பகல் வெளிச்சத்தில், அவள் கண்ணைப் பார்த்துக் கேட்டுவிட்டார். சொல்லிவிடலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

"விழுந்திருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா?"

ஹாலிஸ் தலையை ஆட்டினார். அவள் சொன்னால் சரி. மறுபடியும் சுரண்டியை எடுத்தார். வெர்லீனுக்குத் தன் கன்னத்தில் தானே ஒன்று வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அடுப்பு பிரமாதமாகத்தான் வந்துகொண்டிருந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார்கள். கொதிக்கிற தண்ணீரை வீசி அடித்தார்கள், ஆவி குப்பென்று எழுந்தது. புகைபோக்கிக்குள் நீளக் கழியில் துணியைச் சுற்றி விட்டு எடுத்தார்கள். சாம்பலை எல்லாம் மண்வெட்டியால் வாரினார்கள். பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் உள்ளே இரும்பு தெரிந்தது. வெர்லீனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இனி எண்ணெய் பூசிச் சூடேற்ற வேண்டியதுதான் பாக்கி. இல்லாவிட்டால் துருப் பிடித்துவிடும்.

வெள்ளிக்கிழமை தோறும் மீன் வறுத்த எண்ணெயை வடிகட்டி ஒரு கேனில் ஊற்றிக் கொட்டகையில் வைத்திருப்பார் ஹாலிஸ். அடுப்புக்குப் பூசுவது எப்போதும் அதுதான். வெர்லீன் முன்னதாகவே போய் அந்தக் கேனைத் திறந்து பார்த்தாள். சிக்கு வாடை குப்பென்று அடித்தது. எத்தனை மாதத்து எண்ணெயோ! அடுப்பை இவ்வளவு சுத்தம் பண்ணி மறுபடியும் இதையா பூசுவது? வீட்டோரம் நின்ற பிசுக்கு வாளியில் எல்லாவற்றையும் கொட்டினாள். காலிக் கேனைச் சுவரோரம் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து லாமர் வந்தான். மரம் அறுக்கிற மிஷினுக்கு ஊற்றுகிற எண்ணெய் பாட்டில் அடியில் விரிசல் விட்டு, கையெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது.

"அம்மா, இந்தக் கேன் காலியா?"

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்றாள் வெர்லீன். அவள் கண் ஜன்னல் வழியாகத் தெரிந்த சமையலறைக் கடிகாரத்தில் இருந்தது.

ஹாலிஸிடம் போனாள். "நான் டவுன் வரைக்கும் போய்த் தையல்காரிகிட்ட இருக்கிற உன் கோட்டை வாங்கிட்டு, புது எண்ணெய் ஒண்ணும் வாங்கிட்டு வந்துடறேன். நான் வர்ற வரைக்கும் எண்ணெய் பூசாதே."

"இருக்கிற எண்ணெய்க்கு என்ன கேடு?"

என்ன கேடு என்று சொல்வது? நாறுகிறது என்றா? அப்படியானால் போன வருஷம் பூசியது? அதற்கு முந்தின வருஷம் பூசியது?

"கல்யாணத்துக்குப் புதுசு பூசலாமேன்னுதான்."

"ரொம்பத்தான்! அடுப்புக்கும் கவுன் தச்சுப் போடுவே போல."

"சிரிச்சது போதும். நாலு மணிக்கு ஓபல் வரா. கோழி தயாரா இருக்கணும், ஞாபகம் வச்சுக்கோ. சமையலறையில பீன்ஸ் சின்னத் தீயில இருக்கு, ஒரு கண்ணு வச்சுக்கோ."

அவசரத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சாதாரணமாக எந்த மனைவியும் எந்தப் புருஷனிடமும் சொல்லிவிட்டுப் போகிறதுதான்.

போன இடத்தில் கோட்டுக்குக் கை மடித்துத் தைத்தபாடில்லை. "இதோ ஆச்சு, ஒரு நிமிஷம்" என்று தையல்காரி உட்கார வைத்தாள். அந்த ஒரு நிமிஷம் ஒன்றரை மணி நேரமாகியது. எண்ணெய் வாங்கப் போன இடத்தில் பாஸ்டரின் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை ஹாலிஸ்தான் சமைக்கிறாரா?" என்றாள்.

"பின்ன வேற யாரு?"

"சும்மா கேட்டேன்" என்றாள் பாஸ்டரின் மனைவி. அப்புறம் வெர்லீனின் கையைப் பிடித்து அழுத்தினாள், ஏதோ துக்க வீட்டில் அழுத்துகிற மாதிரி.

காரில் திரும்பும்போது மூன்றே முக்கால். தெரு முனையில் திரும்பினதும் திறந்திருந்த ஜன்னல் வழியாக ஒரு நெடி வந்து முகத்தில் அடித்தது. எங்கேயோ ரோடு போடுகிறார்கள் என்று நினைத்தாள். மெக்கானிக் ஷெட்டில் ஏதாவது தீப்பிடித்ததோ என்றும் நினைத்தாள். வீட்டை நெருங்க நெருங்க நெடி கூடியது. தெருவில் ஒரு ஜன்னல் பாக்கியில்லாமல் மூடியிருந்தது. ஹாலிஸ் மறுபடியும் அடுப்பை மூட்டிவிட்டார் என்று ஜனங்கள் நினைத்திருப்பார்கள், பாவம்.

வாசலில் ஓபலின் கார் நின்றது. பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டாள்.

புது எண்ணெய்ப் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே வெர்லீன் கொல்லைக்கு ஓடினாள்.

ஓபல் மரத்தடியில் மூக்கைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். பக்கத்துத் தோட்டத்தில் விறகு அறுத்துக்கொண்டிருந்த லாமர் வேலியைத் தாண்டி ஓடி வந்துகொண்டிருந்தான். புகைபோக்கியிலிருந்து கனத்த, நீலம் பாய்ந்த புகை. அடுப்பு பளபளவென்று மின்னியது. ஹாலிஸ் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மாப்பிள்ளை கணக்காக நின்றார். அவர் கையில் முள்கரண்டி, அதில் ஒரு கோழித் துண்டு.

"வா, வா! சரியான நேரத்துக்கு வந்தே" என்றார். "நீ வர நேரமாச்சு. நாலு மணின்னு வேற சொல்லிட்டுப் போனே. கொட்டகையில நம்ம கேனே இருந்தது, அதையே பூசிட்டேன். பாரு, எப்படி மின்னுது!"

"டாடி, அம்மா அதைச் சாப்பிட வேணாம்" என்றாள் ஓபல்.

"சும்மா இரு. முதல் துண்டு உங்க அம்மாவுக்கு. அப்புறந்தான் கல்யாணப் பொண்ணுக்கு."

கரண்டி வெர்லீனின் வாய்க்கு நேரே வந்து நின்றது. கோழியின் தோல் அழகாகச் சிவந்திருந்தது. அதிலிருந்து இயந்திர எண்ணெயின் நெடி கண்ணை எரித்தது. ஹாலிஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அவள் கடிப்பதற்கு முன்பே புன்னகை வந்துவிட்டது. நல்லா இருக்கு என்று அவள் சொல்லியாக வேண்டிய இடம் இது. சொன்னால் அடுத்த துண்டு மகளின் வாய்க்குப் போகும்.

"அதைக் கீழ போடு, ஹாலிஸ்."

"என்னது?"

"கீழ போடு. நாறுது."

அவருக்குப் புரியவில்லை. "இப்பத்தானே தேய்ச்சோம்? மூணு வாளி எடுத்தோமே?"

லாமர் அதற்குள் கொட்டகை வாசலில் கிடந்த கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான். "இதையா டாடி பூசினீங்க? இது மிஷினுக்கு ஊத்தற எண்ணெய். பாட்டில் ஒழுகுதுன்னு நாந்தான் இதுல மாத்திக் கொட்டகையில வச்சேன். அம்மாகிட்ட கேட்டுத்தான் எடுத்தேன்."

எடுத்துக்கோ, எடுத்துக்கோ. வெர்லீன் தன் வாயால்தானே சொன்னாள்.

ஹாலிஸ் கேனை வாங்கினார். மூடியைத் திறந்தார். மூன்று பேரும் பார்க்க, அதை மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார். கேனைத் தரையில் வைத்துவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். "ரெண்டு வருஷமா ஒண்ணுமே தெரியல, பிள்ளைங்களா. பூவும் தெரியாது, பீயும் தெரியாது."

ஓபல் மூக்கிலிருந்து கையை எடுத்தாள். "ஏன் டாடி சொல்லல? எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"உங்க அம்மாவுக்குத் தெரியுமே. அவதானே எனக்கு மூக்கு." சொல்லிக்கொண்டே வெர்லீன் பக்கம் திரும்பினார். திரும்பினவரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. எதையோ ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிற முகம். "வெர்லீன். ஈஸ்டருக்குப் போட்டேனே?"

அவள் அடுப்பைப் பார்த்தாள்.

"எஸ்டெல் சாவுக்கு?"

புது எண்ணெய்ப் பாட்டிலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள்.

"என் அக்கா சாவுக்கு, வெர்லீன்! ஊரே வந்து தின்னுட்டுப் போச்சே!"

தின்றார்களா? அவள் கண் கலங்கியது. நாப்கின்களை அவரிடம் எப்படிச் சொல்வாள்?

"காலையிலகூடக் கேட்டேனே, விழுந்திருக்குமான்னு."

"உன் முகத்தைப் பாத்துக்கிட்டு எப்படிச் சொல்றது, ஹாலிஸ்? நீயே சொல்லு, எப்படிச் சொல்றது?"

"நல்லா இல்லைன்னு சொல்றது" என்றார் அவர். சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவள் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பாள். அவர் எழுந்து, தண்ணீர்க் குழாயை எடுத்து, தீயை அணைக்கப் போனார். லாமர் பின்னாலேயே போனான்.

ஓபல் அம்மாவைக் கையைப் பிடித்து வீட்டோரம் இழுத்தாள். "நீ என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேம்மா? நான் டாடிக்கு வயசாயிடுச்சு, கவனம் போயிடுச்சுன்னு நினைச்சு அவர் மேல கோவப்பட்டுக்கிட்டு இருந்தேன். தெரிஞ்சிருந்தா பக்கத்துல நின்னிருப்பேனே. ஊர் முன்னாடி ரெண்டு வருஷமா அவரைக் கண்ணைக் கட்டி நடக்க விட்டிருக்கே. ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்ல முடியலையா உனக்கு?"

"முடியலடீ" என்றாள் வெர்லீன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "முதல் தடவை முடியல. அதுக்கப்புறம் முடியவே இல்ல."

"நானா இருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேன்."

ஓபலின் கைப்பையில் அலாரம் அடித்தது. நாலு மணி. அவள் வீட்டு முன்பக்கம் போனாள். ஜன்னல் வழியாக வெர்லீனுக்குக் கேட்டது. "ஆமாங்க, சனிக்கிழமை. ஆமா, உறுதிதான். நூத்தி இருபது பேருக்கு." ஹாலிஸுக்குக் கேட்கவில்லை. அவர் கொல்லையில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

வெர்லீன் சமையலறைக்குள் போய் நாற்காலியில் விழுந்தாள். போய்ச் சொல்லலாமா? ஓபல் வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டாள் என்று இப்போதே சொல்லிவிட்டால் ஒரே அடியாகப் போய்விடும். ஆனால் இன்றைக்கு அவரை இன்னொரு அடி யார் அடிப்பது?

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வீட்டுக்குள் ஒரு தீய்ந்த வாடை. பீன்ஸ்! மதியம் பன்னிரண்டு மணியிலிருந்து அடுப்பில் இருக்கிறது. யாரிடம் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனாள்!

எழுவதற்குள் ஹாலிஸ் உள்ளே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டையெல்லாம் கறுப்புச் சொட்டு. கையைக் கழுவினார். அவளைப் பார்க்கவில்லை. நேரே அடுப்புக்குப் போய்த் தீயை அணைத்துப் பானை மூடியைத் திறந்தார், கரண்டியால் மேலாக ஒரு வாய் எடுத்தார். எந்தப் பானையில் எது வெந்தாலும் முதல் கரண்டி அவளிடம்தான் வரும், இந்த முப்பது வருஷமும் அப்படித்தான். வெர்லீன் தன்னை அறியாமல் முகத்தைத் தூக்கினாள்.

கரண்டி அவளைத் தாண்டிப் போனது.

வாசற்படியில் ஓபல் நின்றாள், போனை இன்னும் கையில் பிடித்துக்கொண்டு. ஹாலிஸ் அவள் முன்னால் போய் நின்றார்.

"நீ சொல்லும்மா" என்றார். "உள்ளதை உள்ளபடி சொல்லு. எப்படி இருக்கு?"

ஓபல் கரண்டியைப் பார்த்தாள். அவளுக்கும் வாடை தெரியாமலா இருக்கும்? வாயைத் திறந்து வாங்கினாள். வெர்லீன் மகளின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கஷ்டப்பட்டு ஒரு தரம் ஏறி இறங்கியது. சொல்லிவிடு, மகளே. நான் செய்யாததை நீ செய்துவிடு. ஓபல் நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தைத்தான் வெர்லீன் இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கு, டாடி" என்றாள் ஓபல்.

ஹாலிஸ் மூச்சை விட்டார். தோள் இரண்டும் இறங்கின. வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

"அப்ப சரி. நாளைக்கு மறுபடியும் முதல்லேருந்து சுரண்டிடறோம், லாமர் இருக்கான். சனிக்கிழமை காலையில நீ வந்து என் பக்கத்துல நில்லு. ஒவ்வொரு துண்டா நீ பாத்துச் சொல்லு. கல்யாணப் பொண்ணே நல்லா இருக்குன்னா எவன் என்ன பேசுவான்? இனிமே நீதான் எனக்கு மூக்கு."

ஓபல் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அவள் கண் அம்மாவைத் தேடி வந்தது. சற்று முன் வீட்டோரம் நின்று வெர்லீன் மகளைப் பார்த்தாளே, அதே பார்வை. அதை மகளின் முகத்தில் பார்க்க வெர்லீனுக்குச் சகிக்கவில்லை.

பின்வாசல் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. லாமர் வருகிறான். வெர்லீன் எழுந்து கதவை நோக்கிப் போனாள். அவள் எட்டுவதற்குள் வலைக்கதவு திறந்துவிட்டது.

"என்னம்மா இது? பீன்ஸ் அடி பிடிச்சு வீடே நாறுது" என்றான் லாமர், மூக்கைச் சுளித்துக்கொண்டு. "மூணு பேரும் மரம் மாதிரி நிக்கிறீங்க!"

ஹாலிஸ் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். அப்புறம் மகளைப் பார்த்தார்.